தாராவியில் பழுத்த டோங்கா வாழை

போன சனிக்கிழமை என் மகள் பொய் சொல்லவில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

செம்பூரில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஹாபி எக்ஸிபிஷன். நாலாம் வகுப்புப் பிள்ளைகள். ஆளுக்கொரு பெஞ்ச், ஆளுக்கொரு சார்ட் பேப்பர், ஆளுக்கொரு பதற்றமான அம்மா. இந்த ஊரில் குழந்தைக்கு ஹாபி இல்லையென்றால் குறை குழந்தையிடம் இல்லை, அம்மாவிடம் என்பதாகக் கணக்கு. வகுப்பு வாட்ஸப் குரூப்பில் ஒருத்தியின் பையன் ரோபோ செய்கிறான். இன்னொருத்தியின் பெண் போன்சாய் வளர்க்கிறாள். ஒன்பது வயதில் போன்சாய்! என் நஸ்ரின் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள்? திலக் நகர் ஸ்டேஷனில் ரயில் வந்தால் கை காட்டுவாள். போனால் கை காட்டுவாள். இதைச் சார்ட்டில் எப்படி ஒட்டுவது?

நல்லவேளை, ஹாபி தானாகவே வீடு தேடி வந்தது.

விக்ரோலியில் என் கணவர் ஆபீஸில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். போகும்போது மேஜை டிராயரைக் காலி செய்ததில் கிடைத்த பழைய ஸ்டாம்ப் ஒன்றை, 'உங்கள் பெண்ணுக்குக் கொடுங்கள்' என்று கொடுத்துவிட்டுப் போனாராம். முக்கோண ஸ்டாம்ப். நஸ்ரின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உம்மா, இதுக்கு மூணு மூலைதான் இருக்கு. இது அலவ்டா?"

அலவ்ட்தான் என்று நெட்டில் தேடிக் காட்டினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். வட்டமான ஸ்டாம்ப், இதய வடிவ ஸ்டாம்ப், அறுகோண ஸ்டாம்ப்... சியரா லியோன் என்கிற நாடு தன் வரைபடத்தின் வடிவத்திலேயே ஸ்டாம்ப் வெட்டியிருக்கிறது. நமக்குப் பக்கத்திலிருக்கும் பூட்டான் போட்ட ஸ்டாம்ப் ஒன்று குட்டி இசைத்தட்டு. நிஜமாகவே பாடுமாம்! யார் என்ன ஸ்டாம்ப் கொடுத்தாலும் என் மகள் கேட்கும் ஒரே கேள்வி: "எத்தனை மூலை?" நாலு என்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

எனக்கு இதிலும் கவலை வந்தது. வராமல் இருக்குமா? சீரியஸான கலெக்டர்கள் இந்த மாதிரி வடிவங்களைப் பொம்மை என்று ஒதுக்குவார்கள் என எங்கோ படித்துத் தொலைத்துவிட்டேன். ஒழுங்காக நாடு வாரியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டுமோ? சொன்னால் ஆர்வம் போய்விடுமோ? சொல்லாவிட்டால் பிற்பாடு என்னைக் குறை சொல்வாளோ? இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஆல்பம் பாதி நிறைந்துவிட்டது. ஃபோர்ட் பகுதி நடைபாதைக் கடைகளிலும், பிறந்த நாள் பரிசாகவும், சிநேகிதிகளிடம் ரப்பருக்கும் பென்சிலுக்கும் மாற்றியும் சேர்த்தவை. எல்லாமே அசல்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஏங்கினாள். டோங்கா என்று பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. அவர்கள் வாழைப்பழ வடிவத்தில் ஒரு ஸ்டாம்ப் போட்டிருக்கிறார்கள். வளைந்த, மஞ்சள் நிற, சாட்சாத் வாழைப்பழம். ஃபோர்ட்டில் கிடைக்கவில்லை. ஆன்லைனில் இருந்தது. விலையைப் பார்த்ததும் போனை மூடி வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றேன். அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தமென்று எந்தக் குழந்தைக்குத்தான் தெரியாது?

இங்கேதான் என் தம்பி காதர் வருகிறான்.

தாராவியில் டை பஞ்சிங் பட்டறை வைத்திருக்கிறான். மிட்டாய் டப்பா, கல்யாணக் கார்டு, ஸ்டிக்கர் என்று எந்த வடிவத்தில் கேட்டாலும் மெஷினில் வைத்து வெட்டித் தருகிற வேலை. வாப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்தது. நான் பிறந்ததும் அந்தச் சந்தில்தான். திலக் நகருக்கு வந்தது கல்யாணத்துக்குப் பிறகு. பள்ளிக்கூட அட்மிஷன் இன்டர்வியூவில் "உங்கள் சொந்த ஊர்?" என்று கேட்டபோது, "திருநெல்வேலி" என்றேன். பொய்யில்லை. ஆனால்... சரி, விடுங்கள்.

அந்தச் சந்தில் 'கிடைக்காது' என்கிற வார்த்தை புழக்கத்தில் இல்லை. யார் போய் எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரே கேள்விதான்: "சாம்பிள் இருக்கா?"

நஸ்ரின் போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"இந்த வாழப்பழத்துக்கா அழுதே?" என்றான் காதர்.

"நான் அழல மாமா."

"மொகரையப் பாத்தா அழுத மாரில்லா இருக்கு! ஊருக்கெல்லாம் மிட்டாய் டப்பா வெட்டிக் குடுக்குதேன். எம் மருமவளுக்கு ஒரு பழம் வெட்ட மாட்டனா?"

"டேய், வேண்டாம்டா" என்றேன் நான்.

"லாத்தா, நீ கொஞ்சம் சும்மா இரி. எல்லாத்துக்கும் பயந்து பயந்துதான் நீ பாதியா போயிட்டே."

லாத்தா என்றால் அக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். மூத்தவள் என்கிற மரியாதை அந்த வார்த்தையில் நிறைய உண்டு. அவன் குரலில்தான் கிடையாது.

அடுத்த வாரமே கொண்டுவந்தான். ஒன்றல்ல — ஒரு பெரிய ஸ்டிக்கர் ஷீட் முழுக்க! வரிசை வரிசையாக வாழைப்பழங்கள். ஒவ்வொன்றிலும் 'டோங்கா' என்ற பெயர், விலை எண், எல்லாம். அசலைவிடக் கொஞ்சம் பளபளப்பு.

"எதுக்குடா இத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு வெட்டுனா மெஷினுக்கே அசிங்கம் லாத்தா."

நஸ்ரின் ஒன்றை எடுத்து ஆல்பத்தில் தயாராகக் காலி விட்டிருந்த இடத்தில் வைத்தாள். மிச்சத்தை மறுநாளே வகுப்புக்கு எடுத்துப் போய்க் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். 'எங்க மாமா செஞ்சது' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாளாம். தண்ணீர் பாட்டிலில் ஒன்று, பென்சில் பாக்ஸில் ஒன்று... ஸ்கூல் வேன் டிரைவர் கூடக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்.

எக்ஸிபிஷனுக்கு முதல் நாள் லேபிள் எழுதியது நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒவ்வொரு ஸ்டாம்ப்புக்கும் கீழே நாட்டின் பெயர். வாழைப்பழத்துக்கு 'டோங்கா' என்று எழுதிவிட்டு, ஸ்கெட்ச் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அடைப்புக்குறிக்குள் 'மாதிரி' என்று போட வேண்டாமா?

கணவரைக் கேட்டேன். "போட்டுடேன், இதுல என்ன இருக்கு?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போனில் தம்பியைக் கேட்டேன். "எஞ் சாமானத்த டூப்ளிகேட்டுன்னு எழுதுததுக்கு எங்கிட்டயே பெர்மிஷன் கேக்கியா?" என்று சிரித்தான்.

நஸ்ரினைக் கேட்டேன். "மாமா செஞ்சதுன்னு கிளாஸ்ல எல்லாருக்குமே தெரியும் உம்மா."

அதுவும் வாஸ்தவம்தான். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசிலடித்தது. எழுந்து போனேன். திரும்பி வந்து அடுத்த லேபிளை எழுதினேன்.

என் வாழ்க்கையில் பல முடிவுகளைக் குக்கர்தான் எடுத்திருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. ஜட்ஜாக வெளியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். ரிட்டயர்டு ஆபீசர். தானே ஸ்டாம்ப் சேகரிப்பவர் என்று மிஸ் மைக்கில் சொன்னார். நான் வாழைப்பழ லேபிளை எட்டிப் பார்த்தேன்.

மனிதர் ரோபோவிடம் அதிகம் நிற்கவில்லை. போன்சாயை ஒரு பார்வை பார்த்தார். நஸ்ரினின் பெஞ்சுக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வாழைப்பழத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"அரே வா! டோங்கா! ரேர்... வெரி ரேர்! மேடம், இங்கே வாருங்கள், இதைப் பாருங்கள்!"

மிஸ் வந்தார். பெற்றோர்கள் வந்தார்கள். கூட்டம் கூடியது. நஸ்ரின், "சார், இது வந்து—" என்று வாயெடுத்தாள். அவர் அவள் தலையைத் தடவி, "பேட்டா, இதைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பி டோங்கா எங்கே இருக்கிறது, அது எப்படிப்பட்ட தீவு என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். இப்படி ஒரு ஸ்டாம்ப்பைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்றாம்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இரண்டு எட்டு. வாயைத் திறந்திருக்கலாம். ஒரு பெரிய மனிதர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எப்படி... என்று நினைத்தேன். இது மரியாதையா, கோழைத்தனமா? இன்றுவரை தெரியவில்லை.

பக்கத்து பெஞ்ச் தன்விதான் வாயைத் திறந்தாள். தண்ணீர் குடிக்க.

குடித்துவிட்டு, பாட்டிலை உயர்த்திக் காட்டி உற்சாகமாகச் சொன்னாள்: "சார், என்கிட்டயும் இருக்கு!"

பாட்டிலின் வயிற்றில் அதே வாழைப்பழம். பின்னால் ஒரு பையன் பென்சில் பாக்ஸைத் தூக்கினான். இன்னொருத்தி டிபன் டப்பாவை. ரேர், வெரி ரேர் ஸ்டாம்ப் வகுப்பு முழுக்கக் குலை தள்ளி நின்றது!

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது.

"இதை யார் கொடுத்தது?"

நஸ்ரின் தயங்கவே இல்லை. பெருமையாகச் சொன்னாள்: "எங்க மாமா செஞ்சாங்க சார். அவங்களோட கார்கானால. தாராவில."

"ஓ. தாராவி."

அந்த 'ஓ' எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில், காலேஜ் கேன்டீனில், பெண் பார்க்க வந்தவர்களின் சோபாவில் என்று எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன். ஒரே எழுத்துதான். அதற்குள் நம் வீட்டின் அகலம், சாக்கடையின் வாசனை, நம் நாணயம் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிடுவார்கள்.

"அப்படியென்றால் மற்றதெல்லாம்?" என்றார், ஆல்பத்தை விரலால் தட்டி.

"மத்ததெல்லாம் ரியல் சார். ப்ராமிஸ்."

அவர் ஆல்பத்தை மூடினார். மிஸ்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: போட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். டூப்ளிகேட் செய்வது குற்றமென்று பிள்ளைகளுக்கு இந்த வயதிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

குற்றம்! வகுப்பு முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லி விநியோகம் செய்த குற்றம். உலகத்தில் எந்தத் திருடியாவது திருட்டுப் பொருளைத் தெரிந்தவர்களின் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிவிட்டு வருவாளா?

இதைச் சொல்லத்தான் மிஸ்ஸை நெருங்கினேன். அவர் முந்திக்கொண்டார். "மேம், லேபிளில் 'டோங்கா' என்றுதானே இருக்கிறது? இது குழந்தையின் கையெழுத்து இல்லையே?"

இல்லை. அழகான கையெழுத்து. என்னுடையது.

முதல் பரிசு ரோபோவுக்குப் போனது. சரி, அது வேலை செய்தது. அப்பா ரிமோட்டை அழுத்தினார், ரோபோ நடந்தது. பையன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டறைக்கு அரைநாள் லீவு விட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காதர் வந்து சேர்ந்தான். துவைத்த சட்டை. விரல் நகங்களில் மட்டும் மஞ்சள் மை. வராந்தாவிலேயே சத்தமாகக் கேட்டான்: "ஏளா, எங்க எம் பழம்? பிரைஸ் எத்தன?"

நஸ்ரின் சொல்வதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்பு சிரித்தவர்களில் ஒருவர் — கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது — காதரை ஓரமாக அழைத்துப் போனார்.

"பாய், ஆப்தான் அந்த ஸ்டாம்ப் பனாயாவா? என் பையனுக்கும் ஒரு செட் வேணும். ட்ரையாங்கிள், ஹார்ட், எல்லா ஷேப்பும். இன்டர்-ஸ்கூல் காம்பெடிஷன் வருது. கிடைக்கும்ல?"

அவரும் தமிழர்தான், மாட்டுங்காக்காரர். என் தம்பியின் தாடியைப் பார்த்துத் தமிழை ஹிந்தியாக மாற்ற முயன்று பாதியில் விட்டிருந்தார்.

"சாம்பிள் இருக்கா சார்?" என்றான் காதர், சுத்தமான திருநெல்வேலித் தமிழில்.

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு அம்மாக்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மிஸ். ஆமாம், அதே மிஸ்தான். ஆண்டு விழாவுக்கு நட்சத்திர வடிவத்தில் பேட்ஜ் வேண்டுமாம். "ஸ்கூலுக்கென்று கொஞ்சம் பார்த்துப் போட்டுத் தாருங்கள் பாய்." எல்லோரும் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். காதர் கார்டு கொடுத்துக்கொண்டே இருந்தான்.

கேட்டுக்கு வெளியே அவனைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே நடந்தது முழுவதையும் சொன்னேன்.

"இவ்வளவும் சொன்னவங்ககிட்ட ஆர்டர் வாங்குறியே, வெக்கமா இல்ல?"

ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினான். பிறகு, "வெக்கப்பட்டுக்கிட்டே மெஷின் ஓட்ட முடியாது லாத்தா" என்றான். "நீ அங்கதானே நின்னே? எந்தம்பி ஆசையா செஞ்சு குடுத்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

என்னைச் சிரிக்க வைக்கத்தான் என்று நினைக்கிறேன், நஸ்ரின் பக்கம் குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளினான். "எல்லாம் ஒன்னாலதான். தொழில் ரகசியத்த எவளாவது ஜட்ஜ்கிட்ட சொல்லுவாளா? 'தெரியாது சார்'னுட்டுப் போவ வேண்டியதுதானே!"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஒன்பது வயதுக்கு எது விளையாட்டு, எது பாடம்?

ஆட்டோவில் வரும்போது கேட்டாள்.

"உம்மா, நான் 'தெரியாது சார்'னு சொல்லியிருந்தா எனக்கு ப்ரைஸ் கிடைச்சிருக்குமா?"

கிடைத்திருக்கும். அதுதான் உண்மையான பதில். உண்மை பேசு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அந்த உண்மையை மட்டும் எப்படிச் சொல்வேன்?

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

"ஏன்?"

நல்லவேளை, ஆட்டோக்காரர் சிக்னலில் யாரையோ திட்ட ஆரம்பித்தார். இருவரும் அதை வேடிக்கை பார்த்தோம்.

இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனை. இந்த வினோத வடிவ ஸ்டாம்ப்புகளில் பலவும் எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படுவதே இல்லையாம். சின்னச் சின்ன நாடுகளின் பெயரில் வேறெங்கோ தூர தேசத்தில் அச்சாகி, நேராக நம்மைப் போன்றவர்களின் ஆல்பத்துக்கு வந்துவிடுமாம். அந்த ஊர்த் தபால்காரர் அதைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆனாலும் அது அசல்! தாய்மாமன் தன் மருமகளுக்காகத் தன் மெஷினில், தன் கையால் வெட்டியது போலி. சட்டப்படி அது சரிதான். நான் சட்டத்தோடு சண்டை போடவில்லை. டூப்ளிகேட்டைக் கண்டு முகம் சுளித்தவர்கள் அடுத்த பத்து நிமிஷத்தில் அதற்கே ஆர்டர் கொடுத்தார்களே... அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. டூப்ளிகேட் மீது யாருக்கும் வெறுப்பில்லை. அதை ஒரு குழந்தை சத்தம் போட்டுச் சொன்னதில்தான் வெறுப்பு.

"நீ ஏன் அங்கேயே பேசவில்லை?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். நானும் தினமும் பாத்திரம் துலக்கும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பாத்திரம் துலக்கும்போது நான் பிரமாதமாகப் பேசுவேன். ஜட்ஜ், மிஸ், மாட்டுங்காக்காரர் எல்லோரும் தலைகுனிந்து நிற்பார்கள்.

இந்தப் புதன்கிழமை நஸ்ரினின் வகுப்பில் மழைநீர் சேகரிப்பு மாடல் கொடுக்க வேண்டியிருந்தது. தெர்மகோல் வெட்டியது நான். மொட்டை மாடிக்கு பெயின்ட் அடித்தது நான். ஸ்ட்ராவைக் குழாயாக வளைத்து ஒட்டியதும் நான்தான். அவள் பங்குக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் மரம் நட்டாள். வேனில் கொண்டுபோனால் உடைந்துவிடும் என்று நானே வகுப்பு வாசல் வரை தூக்கிக்கொண்டு போனேன்.

மிஸ் வாங்கிப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வெரி நைஸ், நஸ்ரின். நீயே செய்தாயா?"

என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் இமைக்கவில்லை.

"யெஸ் மிஸ். நானேதான்."

மிஸ் அவள் புறங்கையில் ஒரு ஸ்டார் ஒட்டிவிட்டார். நான் கதவருகில்தான் நின்றிருந்தேன். இந்த முறையும் வாயைத் திறக்கவில்லை.

மிஸ் அறியாமல் அன்று இரண்டு பேருக்கு ஸ்டார் கொடுத்துவிட்டார்.